கல்கியின் நாவல்களுக்குள் ஒரு பத்தி எழுத்தாளர்

ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரை அறியாதவர்களுக்கும் கல்கியைத் தெரியும். கல்கியை அறிந்தவர்களில் பெரும்பாலோர் 'பொன்னியின் செல்வன்' வழியாகவே அவரை அறிந்தவர்கள். இந்தப் புகழ் அவருடைய வாழ்க்கையை ஒரு குறிப்பிட்ட விதமாகச் சொல்லும் பழக்கத்தை உண்டாக்கிவிட்டது. முதலில் பத்திரிகையாளராக இருந்தார், நகைச்சுவைக் கட்டுரை, தலையங்கம், சங்கீத விமரிசனம் என்று வாரந்தோறும் எழுதிக் குவித்தார், பிறகு நாவலாசிரியராக உயர்ந்தார் என்பது அந்தச் சித்திரம். இதன்படி பத்தி எழுத்து ஏறிவந்த ஏணி. நாவல் வந்துசேர்ந்த மாடி. விமரிசகர்களில் ஒரு சாராரோ இதையே தலைகீழாக்கி, பத்திரிகைதான் அவருடைய நாவலைக் கெடுத்தது என்றார்கள். இரு தரப்பாரும் ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள்: பத்தி எழுதிய கல்கி வேறு, நாவல் எழுதிய கல்கி வேறு என்பதே அது. அவருடைய நாவல்களைக் கட்டமைப்பு நோக்கில் படித்தால் இந்தப் பிரிவினை நிற்காது. பத்தியில் அவர் உருவாக்கிய வாசக உறவுதான் அவருடைய நாவல்களின் கதைசொல்லியாக மாறியது. அந்தக் கதைசொல்லிக்கு எங்கே வேலை அதிகமோ அங்கே அவருடைய நாவல் ஓங்கி நிற்கிறது, எங்கே வேலை குறைவோ அங்கே தளர்கிறது. இதை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கால வரிசையைப் பார்த்தாலே சில விஷயங்கள் தெளிவாகும். 1899இல் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, காந்தியின் அழைப்பை ஏற்று 1921இல் திருச்சியில் பள்ளிப் படிப்பைக் கைவிட்டார். அடுத்த ஆண்டே சிறை சென்றார். 1923இல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் துணையாசிரியராகச் சேர்ந்து ஐந்தாண்டுகள் பணியாற்றினார். 1928இல் 'ஆனந்த விகட'னுக்கு அவர் எழுதிய 'ஏட்டிக்குப் போட்டி' என்ற நகைச்சுவைக் கட்டுரை கல்கி என்ற பெயரைத் தமிழ்நாட்டில் பரப்பியது. பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் இருந்து மதுவிலக்குப் பிரசார இதழான 'விமோசன'த்துக்குத் துணை நின்றார். மறுபடி சிறை, 1931இல் விகடனின் ஆசிரியப் பொறுப்பு. அவருடைய முதல் குறிப்பிடத்தக்க தொடர்கதையான 'கள்வனின் காதலி' விகடனில் வெளிவந்தது 1937இல். அதாவது, நாவலாசிரியராக வாசகர் முன் நின்றபோது அவர் பத்திரிகையில் பதினான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டிருந்தார். சிறுகதைகள் எழுதியிருந்தாலும் அந்தப் பதினான்கு ஆண்டுகளில் அவருடைய பேனாவின் பெரும்பகுதி உழைத்தது கட்டுரைக்கும் பத்திக்கும்தான். முப்பத்தெட்டு வயதில் நாவலைத் தொடங்கிய ஒருவர் அதுவரை பழகிய எழுத்து முறையைக் கழற்றிவைத்துவிட்டு வந்திருப்பார் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

அந்தப் பதினான்கு ஆண்டுகள் அவருக்குக் கற்பித்தது என்ன? எளிய நடையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையே, ஆனால் முழு உண்மை ஆகாது. வாரப் பத்திக்கு நடையைவிட முக்கியமான தேவை ஒன்று உண்டு: எழுதுபவர் தமக்கென ஓர் ஆளை உருவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்த் தேனீ, அகஸ்தியர், லாங்கூலன், கர்நாடகம் என்று கல்கி வெவ்வேறு பெயர்களில் எழுதினார். ஒவ்வொரு பெயரும் ஒரு பார்வைக் கோணம். விகடனில் 'ஆடல் பாடல்' பகுதியில் கர்நாடகம் என்ற பெயரில் வந்த விமரிசனங்கள் இதற்குச் சிறந்த சான்று. கச்சேரியைப் பற்றி எழுதுவது வித்துவான்களும் லட்சணம் அறிந்தவர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காரியமாக இருந்த காலம் அது. கர்நாடகம் சபையில் சாதாரண ரசிகருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டின் சொல் காதில் விழுகிறதா, ராகம் அளவோடு இருக்கிறதா, பாடுகிறவருக்கே அதில் மகிழ்ச்சி உண்டா என்று கேட்டார். நிபுணர்களுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட ஒரு துறைக்குள் அந்நியரைக் கைபிடித்து அழைத்துச் செல்வதும், அப்படிச் செல்லும்போது அவர் தாழ்வுணர்ச்சி கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும்தான் அந்தப் பத்தியின் பணி. பின்னாளில் அவர் நாவலில் செய்ததும் இதுதான். நுழைய வேண்டிய இடம் மட்டும் சபாவிலிருந்து பல்லவர், சோழர் அரண்மனைக்கு மாறியது.

தொடர்கதை வடிவமே அவருடைய வெற்றிக்குக் காரணம் என்று சொல்வதும் போதாது. பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராகவே வெளிவந்தது. கல்கிக்கு முந்திய தலைமுறையில் வடுவூர் துரைசாமி அய்யங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் விறுவிறுப்பான நாவல்களால் பெருந்திரளான வாசகரைப் பெற்றிருந்தார்கள். வாசகரை நேராக விளித்துப் பேசும் கதைசொல்லியும் அவர்கள் காலத்துக்குப் புதியவர் அல்லர். கல்கியிடம் புதிதாக இருந்தது அந்த விளிக்குப் பின்னே நின்ற ஆள். அதே இதழின் வேறொரு பக்கத்தில் தலையங்கம் எழுதியவர், நேற்றைய கச்சேரியைப் பற்றிச் சொன்னவர், அரசாங்கத்தோடு சண்டை போட்டவர், சிறைக்குப் போய்வந்தவர் என்று வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவர்தான் தொடர்கதையிலும் பேசினார். நாவலின் கதைசொல்லி நூலுக்குள் மட்டும் வாழும் குரலாக இல்லாமல், வாரந்தோறும் வெளியே சந்திக்கக்கூடிய குரலாக இருந்தார். 'தியாக பூமி' இதை எல்லைவரை கொண்டுசென்றது. 1938-39இல் விகடனில் அத்தொடர் வந்தபோது, கே. சுப்ரமணியம் இயக்கிக்கொண்டிருந்த அதே கதையின் திரைப்படக் காட்சிகளே படங்களாக அச்சாயின. தீண்டாமை ஒழிப்பு, பெண் உரிமை, கதர், சிறை நிரப்பும் போராட்டம் என்று செய்திப் பக்கத்தில் இருந்தவை கதைக்குள் வந்தன. படத்தைப் பிறகு பிரிட்டிஷ் அரசு தடைசெய்தது. கதை, செய்தி, பிரசாரம் மூன்றும் ஒரே ஆளின் ஒரே பேச்சாக வாசகரை அடைந்தன.

விகடனைவிட்டு விலகித் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற பிறகு, 1941 ஆகஸ்டில் நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார். அதற்கான முதலைத் திரட்டுவதற்காகவே எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார். அந்த ஆண்டிலேயே 'பார்த்திபன் கனவு' தொடங்கியது. அவர் சரித்திரத்துக்குத் திரும்பியது இப்போதுதான். இதைப் பத்திரிகையிலிருந்து தப்பித்த செயலாகக் கருதுவது தவறு. பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்து மாண்ட ஒரு சோழ மன்னனின் சுதந்திரக் கனவை, 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் வெடித்த 1942ஐ உள்ளடக்கிய மாதங்களில் வாசகர்கள் வாரந்தோறும் படித்தார்கள். தலையங்கத்தில் எழுதினால் தணிக்கைக்கு இரையாகும் உணர்ச்சி ஏழாம் நூற்றாண்டின் வழியாகப் பேசியது. உலகப்போரின் கடைசிக் கட்டத்திலும் அதன் பின்னும், 1944 முதல் 1946 வரை வந்த 'சிவகாமியின் சபதம்', பழிவாங்கும் போரை வெற்றியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அந்த வெற்றியின் வெறுமையைக் காட்டியது. வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது. ஆனால் சிவகாமிக்கு அவள் காதலர் மாமல்லர் கிடைக்கவில்லை. காந்தியவாதியான தலையங்க ஆசிரியர் போரைப் பற்றி என்ன சொல்வாரோ அதை நாவலாசிரியர் ஒரு நடனப் பெண்ணின் வாழ்வாக்கிக் காட்டினார். அந்த நடனக் காட்சிகளின் பின்னே கர்நாடகம் இருக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. அபிநயம் பார்த்தவர் மனத்தில் என்ன செய்தது, அரசர் எங்கே உருகினார், சிற்பி எங்கே கலங்கினார் என்று பார்வையாளர் பக்கமிருந்தே ஆட்டத்தை விவரிக்கும் முறை, பத்தாண்டுக் கலை விமரிசனம் பழக்கிக் கொடுத்த முறை.

இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்று 'பொன்னியின் செல்வ'னில் கிடைக்கிறது. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வெளிவந்த அந்த நாவலின் முதல் பத்தியைக் கவனிப்போம். கதை நிகழும் ஆண்டு இன்னதென்று அது சொல்வதில்லை. வாசகரைக் கற்பனை ஓடத்தில் ஏறச் சொல்லி, 982 ஆண்டுகளுக்கு முந்திய காலத்துக்கு அழைக்கிறது. கணக்கின் தொடக்கப் புள்ளி சோழர் காலம் அல்ல. இதழ் வாசகர் கையிலிருக்கும் 1950ஆம் ஆண்டு. கி.பி. 968 என்று எழுதியிருந்தால் அது வரலாற்று நூலின் தொடக்கமாக இருந்திருக்கும். இன்றிலிருந்து இத்தனை ஆண்டு என்று எழுதியதால் எழுதுபவரும் படிப்பவரும் முதலில் ஒரே இடத்தில், ஒரே வாரத்தில் நிற்கிறார்கள். பிறகு சேர்ந்து புறப்படுகிறார்கள். கதைசொல்லி கடைசிவரை இந்த நிலையைக் கைவிடுவதில்லை. பத்தாம் நூற்றாண்டின் மனிதராக அவர் வேடம் பூணுவதில்லை. தம் காலத்து வாசகரோடு இருந்துகொண்டு, தம் காலத்தில் அந்த ஏரி எப்படி இருக்கிறது, அந்தக் கோயில் இன்று என்ன பெயரில் வழங்குகிறது என்று இரண்டு காலங்களையும் ஒப்பிட்டுக்கொண்டே செல்கிறார். வாசகருக்குத் தெரியாத ஓர் உலகத்தில், வாசகருக்குத் தெரிந்த ஓர் ஆள் துணைக்கு வருகிறார். அந்த நீண்ட தொடரை மூன்றரை ஆண்டுகள் பொறுமையோடு பின்தொடர வைத்ததில் முடிச்சுகளுக்குப் பங்கு உண்டு; இந்தத் துணைக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

பத்திரிகையாளரின் இன்னொரு கடமை ஆதாரம் காட்டுவது. முதலமைச்சர் அநிருத்தரைப் பற்றிச் சொல்ல வரும்போது கல்கி கதையைச் சற்று நிறுத்திவிட்டு, அன்பில் செப்பேடுகள் கிடைத்ததையும் அவை தரும் தகவலையும் சொல்கிறார். ஓவியர் மணியத்தோடு இலங்கைக்குச் சென்று இடங்களைப் பார்த்துவந்து எழுதுகிறார். இதில் நுட்பமானது சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையை அவர் கையாண்ட விதம். உடையார்குடிக் கல்வெட்டு அந்தக் கொலையில் ஈடுபட்ட ரவிதாசன் முதலியோரின் சொத்துகளைப் பறித்த செய்தியைத் தருகிறது. ஆனால் பின்னணியில் யார் இருந்தார்கள் என்று சொல்லவில்லை. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழர்மீது ஐயம் கொண்டார், தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கரிகாலனின் தம்பி அருள்மொழிவர்மர் சிற்றப்பன் உத்தம சோழருக்காக அரியணையை விட்டுக்கொடுத்தார் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். அண்ணனைக் கொன்ற சதியில் தொடர்புள்ளவருக்குத் தம்பி மனமுவந்து முடி தருவாரா என்பது சிக்கல். கல்கி உத்தம சோழரான மதுராந்தகரை இருவராக்குகிறார். சதிகாரர்களின் வலையில் சிக்கிய போலி மதுராந்தகன் ஒருவன். பூக்கட்டி வாழும் சேந்தன் அமுதன் உண்மையான உத்தம சோழன். நாடகத் திருப்பமாக மட்டும் படிக்கப்படும் இந்த முடிச்சு, வரலாற்று அறிஞர்களிடையே இருந்த ஒரு விவாதத்துக்குக் கற்பனை தந்த தீர்வு. கொலையாளி யார் என்பதையோ அவர் முடிவாகச் சொல்லாமல் விட்டார். கல்வெட்டு நின்ற இடத்தில் தீர்ப்பும் நின்றது. செய்திக்கும் ஊகத்துக்கும் எல்லை வகுக்கப் பழகிய ஒரு கை இங்கே வேலை செய்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் எழும். கல்கியின் சரித்திர நாவல்களுக்கு மூலம் பத்தி அல்ல, வால்டர் ஸ்காட்டும் அலெக்ஸாந்தர் டூமாவும்தான் என்பார்கள். அரசியல் சதி, மாறுவேடம், துடிப்பான இளம் வீரன், ஆபத்தான அழகி ஆகியவற்றில் அந்தக் கடன் வெளிப்படையானது; மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கடன் வாங்கப்பட்டது கதைப் பின்னல். டூமாவின் 'மூன்று மஸ்கட்டியர்கள்' 1844இல் பாரிஸ் நாளிதழில் தொடராக வந்தபோது, பிரெஞ்சு வாசகருக்குப் பதின்மூன்றாம் லூயியையும் ரிஷ்லியூவையும் அறிமுகம் செய்ய வேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை. 1940களின் தமிழ் வாசகரின் நிலை வேறு. பிற்காலச் சோழர் வரலாறே அப்போதுதான் கல்வெட்டுகளிலிருந்து திரட்டப்பட்டுக்கொண்டிருந்தது. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1930களில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பண்டாரத்தாரின் தமிழ் நூல் வரிசை தொடங்கியது 1940களின் இறுதியில். பள்ளியில் ஆங்கிலேய ஆட்சியின் வரலாற்றைப் படித்து வந்த ஒரு வாசகருக்கு, சுந்தர சோழர் யார், பழுவேட்டரையர் யார், ஈழப்படையெடுப்பு ஏன் என்று தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது; அதுவும் பாடமாகத் தோன்றாமல் சொல்ல வேண்டியிருந்தது. டூமாவிடம் அதற்கு வழி இல்லை. கல்கியிடம் இருந்த வழி, சங்கீதம் தெரியாதவரைக் கச்சேரிக்குள் அழைத்துச் சென்ற அந்தப் பழைய வழிதான்.

இரண்டாவது மறுப்பு கடுமையானது; மதிப்புக்குரியவர்களிடமிருந்து வந்தது. புதுமைப்பித்தனும் மணிக்கொடி எழுத்தாளர்களும் கல்கியின் தழுவல்களைக் கண்டித்தார்கள். க.நா.சு. தொடர்ந்து, பெருவாரியான வாசகரின் ருசிக்கு எழுதும் பத்திரிகைத் தொடர்கதை இலக்கியத் தரத்தை அழிக்கும் என்று வாதிட்டார். பத்தி எழுத்தாளர் வாசகரை ஒருபோதும் தனியே விடமாட்டார்; எல்லாவற்றையும் விளக்குவார்; இருண்ட மனங்களுக்குள் இறங்கத் தயங்குவார்; ஆகவே பத்தியிலிருந்து வந்த நாவல் ஆழம் காண முடியாது என்று இந்த மறுப்பைச் சுருக்கலாம். இதில் உண்மை இருக்கிறது. நந்தினி போன்ற ஒரு பாத்திரத்தின் உள்ளே நெடுநேரம் தங்க வேண்டிய இடங்களில் கல்கியின் கதைசொல்லி குறுக்கிட்டு வெளியே அழைத்துவிடுகிறார். தற்செயல் சந்திப்புகளும், ஒட்டுக்கேட்டலும், அத்தியாய முடிவில் வைக்கும் திகிலும் அளவுக்கு மீறி வருகின்றன. புதுமைப்பித்தனின் சிறுகதை தமிழுக்குத் திறந்த மனப் பிரதேசத்தைக் கல்கியிடம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் இந்த விமரிசனம் நாவலுக்கு அகத்தை ஆராய்வது ஒன்றே பணி என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு சமூகம் தன் கடந்த காலத்தோடு எப்படிப் பேசுவது என்பதும் நாவல் எடுத்துக்கொள்ளக்கூடிய கேள்விதான். அந்தக் கேள்விக்கு மௌனமான, தனித்த கதைசொல்லி பயன்பட மாட்டார். பலருக்கும் கேட்கும்படி பேசும் ஒருவர் வேண்டும். வாசகரைத் தனியே விடாதது ஒரு வகை நாவலுக்குக் குறை. இந்த வகை நாவலுக்கு அதுவே உயிர்நிலை.

மூன்றாவது மறுப்பு 'அலை ஓசை'யிலிருந்து வரும். இதுவே என் வாதத்துக்கான உண்மையான சோதனை. பத்திரிகையாளராக இருந்ததுதான் கல்கியின் பலம் என்றால், அவர் தாமே கண்டு, தலையங்கம் எழுதி, சிறை சென்று அனுபவித்த காலத்தைப் பற்றிய நாவல்தானே அவருடைய உச்சமாக இருக்க வேண்டும்? 1948-49இல் வந்த 'அலை ஓசை' 1934 பீகார் பூகம்பக் காலத்திலிருந்து பிரிவினையும் காந்தி மறைவும் வரை நீள்கிறது. கல்கி தம் நாவல்களில் இதையே உயர்வாகக் கருதினார்; அவர் மறைந்த பிறகு 1956இல் சாகித்திய அகாதெமி விருதும் இதற்கே கிடைத்தது. ஆனால் தலைமுறைகளைத் தாண்டி வாசகர் கையில் தங்கியது 'பொன்னியின் செல்வன்'. வாசகரின் பழம்பெருமை மோகமே இதற்குக் காரணம் என்று சொல்வது பாதி விடைதான். 'அலை ஓசை' வாசகர் அந்த நிகழ்ச்சிகளை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் கல்கியின் தலையங்கங்களிலேயே படித்திருந்தார். பத்தி எழுத்தாளரின் விளக்கும் ஆற்றலுக்கு அங்கே வேலை குறைவு. தெரிந்த செய்தியை மீண்டும் சொல்லும் இடங்களில் கதை மந்தமாகிறது; கதாநாயகி சீதாவையும் மற்றவர்களையும் ஒவ்வொரு சரித்திர நிகழ்ச்சிக்கும் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய கட்டாயம் தெரிகிறது. சீதாவின் மணவாழ்க்கைத் துயரம் போன்ற, செய்தித்தாளில் இடம்பெறாத பகுதிகளில்தான் அந்நாவல் வலிமை பெறுகிறது. ஆகவே இந்த மறுப்பு வாதத்தைத் தகர்க்கவில்லை, கூர்மையாக்குகிறது. பத்தி கல்கிக்குத் தந்தது சமகாலச் செய்தி அறிவு என்றால் 'அலை ஓசை'தான் சிகரமாக இருந்திருக்கும். அது தந்தது தூரத்தைக் குறைக்கும் ஆற்றல். எனவே தூரம் அதிகமான இடத்திலேயே அதன் முழு வீச்சும் வெளிப்பட்டது.

இந்த உறவு ஒருவழிப் பாதையும் அல்ல. எட்டயபுரத்தில் பாரதிக்கு மண்டபம் எழுப்பக் கல்கி தம் இதழ் வழியே வேண்டுகோள் விடுத்தபோது வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். 1945இல் அடிக்கல் நாட்டப்பட்ட மண்டபம் 1947இல் திறக்கப்பட்டது. எழுதுபவரை நம்பிப் பணம் அனுப்பும் அதே வாசகர்கள்தான் அவருடைய கதாபாத்திரங்களைப் பற்றிக் கேள்வியும் கேட்டார்கள். 'பொன்னியின் செல்வன்' திடீரென்று முடிந்துவிட்டதாகப் பலர் கருதியபோது கல்கி ஒரு முடிவுரை எழுதி, வந்தியத்தேவனும் குந்தவையும் மற்றவர்களும் பின்னால் என்ன ஆனார்கள் என்று விளக்கினார். தம் படைப்பு தன்னளவில் நிறைவானது என்று வாய்மூடி இருக்கும் நாவலாசிரியர் இப்படிச் செய்யமாட்டார். கடிதத்துக்குப் பதில் எழுதியே தீரவேண்டும் என்று பழகியவர் செய்வார். கலை நோக்கில் அந்த முடிவுரை தேவையா என்று விவாதிக்கலாம். ஆனால் அது எழுதப்பட்டதே, கடைசி அத்தியாயம் வரை கதையைச் சொன்னவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது.

1954 டிசம்பரில், அந்த நாவல் முடிந்த ஏழாவது மாதத்தில் கல்கி காலமானார். 1999இல் அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு 'பொன்னியின் செல்வன்' பல பதிப்பகங்களின் வெளியீடாகப் பெருகியது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னத்தின் திரைப்படங்கள் அதைப் புதிய தலைமுறையிடம் சேர்த்தன. திரைக்கு வந்தபோது நாவலிலிருந்து முற்றிலும் நீங்கிய ஒன்றைக் கவனித்தால் இவ்வாதம் மேலும் தெளிவாகும்: அரசர்களும் சதியும் கடலும் போரும் இருந்தன, 1950இல் நின்று நம்மோடு பேசிய அந்த மனிதர் இல்லை. அவர் இல்லாமலும் கதை நிற்கும் என்பதைத் திரைப்படம் காட்டியது. ஆனால் நாவல் என்பது அந்தக் கதை மட்டும் இல்லை. கல்கி ஆராய்ச்சி இனிமேலாவது அவருடைய பத்திகளையும் தலையங்கங்களையும் கலை விமரிசனங்களையும் நாவல்களுக்கு முன்னோட்டமாகவோ மிச்சமாகவோ ஒதுக்காமல், அவற்றோடு ஒரே வரிசையில் வைத்து, ஒரே வாரத்து இதழில் எது எதன் பக்கத்தில் அச்சானது என்று பார்த்துப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது, பெருவாரியான மக்களுக்கு எழுதுவதும் பொறுப்போடு எழுதுவதும் ஒன்றுக்கொன்று பகை என்று தமிழ் விமரிசனத்தில் நெடுங்காலமாக வேரூன்றிய எண்ணத்தையும் நாம் மறுபரிசீலனை செய்ய நேரும். கல்கியிடம் அவை ஒரே பயிற்சியின் இரண்டு விளைவுகள்.